நான்காவது மணி நேரம்

பௌர்ணமி கிரிவலச் சிறப்புப் பேருந்துக்கு நடத்துநராகக் கிளம்பிய ஒரு மாலையில் என் கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை. நின்றபடியே பார்க்கும் வேலை, அதனால் வந்த வீக்கம் என்று நினைத்தேன். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பல மடங்கு ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துவிட்டன என்றார் மருத்துவர்.

அரசு மருத்துவமனையில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் (இயந்திரம் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்வது). ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

பக்கத்துக் கட்டிலில் கஸ்தூரி. அடி அண்ணாமலையில் தையல் வேலை செய்பவள், முப்பது வயதிருக்கும். ஊசி குத்தாத கையால் மகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்தன. உதிரிபாகத்துக்கு நிதி வரவேண்டும். யாரையும் திருப்பி அனுப்பாமலிருக்க, எல்லோருக்கும் மூன்று மணி நேரம்தான் என்றார் செவிலியர்.

"வரிப்பணத்துல நடக்கற ஆஸ்பத்திரிதானே? எனக்கு முழுசா போடணும்" என்று கத்தினேன்.

"நான் என்னங்க பண்றது? மிஷின் கம்மி, ஆளு ஜாஸ்தி." என் மனைவி செல்வி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் கத்துவதை விடவில்லை.

"அண்ணனுக்கு நாலு மணி நேரம் போட்டுடுங்க சிஸ்டர். எனக்கு ரெண்டு போதும். பாப்பா ஸ்கூல் விட்டு வந்துடும்" என்றாள் கஸ்தூரி.

போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். முந்தின நாள் கஸ்தூரிக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைத்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

மருத்துவரிடம் கேட்டேன். "அந்த ஒரு மணி நேரத்தால இல்லங்க. அவங்க இதயம் ஏற்கெனவே பலவீனமா இருந்துச்சு" என்றார். உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

அதன்பிறகு நோயாளிகள் சேர்ந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். நான் கத்திய அதே செவிலியர்தான் அதை எழுத உதவினார். ஒருவழியாக இயந்திரங்கள் சரியாயின.

இந்தக் கட்டிலுக்கு வரப்போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கேட்பது நம் உரிமைதான். நான் கேட்டது தவறான இடத்தில், எனக்காக மட்டும்.

மூன்று மணி நேரம் கடந்ததும் என் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். முன்பெல்லாம் உடனே செவிலியரைக் கூப்பிடுவேன். இப்போது கூப்பிடுவதில்லை. அந்த நான்காவது மணி நேரம் முடியும்வரை விழித்தே கிடக்கிறேன்.