மீன்களின் ஒருசந்தி

எங்கள் வீட்டில் ஒரு வருடம் மீன்கள் ஒருசந்தி இருந்தன. இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். தவக்காலத்தில் ஒரு நேரம் மட்டும் வயிறாரச் சாப்பிட்டு நோன்பு இருப்பதற்கு எங்கள் ஊரில் ஒருசந்தி என்று பெயர். மனுஷர் இருப்பார்கள் சரி, மீன் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். இருந்தது. சீட்டு எழுதி ஒட்டி இருந்தது. அந்தச் சீட்டை எழுதியது நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. கல்ஃபில் ஒரு பெரிய ஓட்டலில் மீன்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த சித்தப்பா, கிறிஸ்மஸ் கழிந்து லீவில் வந்திருந்தார். வந்த இரண்டாம் வாரமே, பக்கத்து ஊரான கருங்கலில் சொல்லிச் செய்த நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று, பழைய மெத்தை விரித்த மினிலாரியில் வந்து இறங்கியது. அதை முன்னறையில் இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே வைத்தார்கள். அதில் நிரப்பப்போவது கடல்தண்ணீர் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு வந்த சிரிப்பு லேசில் அடங்கவில்லை. எங்கள் வாசலிலிருந்து நூறு எட்டு வைத்தால் கடல். அப்பா மீன்பிடிக்கப் போகிறவர்.

“ஏலே, நாள் முச்சூடும் கடல்ல கிடந்துட்டு வாறேன். வீட்டுல வந்து காலை நீட்டினா இஞ்சயும் கடலா?”

“அண்ணன் பாத்துட்டே இருங்க,” என்றார் சித்தப்பா.

சிரித்த அதே அப்பாதான், கரையோரத் தண்ணீர் கலங்கல், அது ஆகாது என்று தினமும் ஆழத்திலிருந்து இரண்டு கேன் தண்ணீரை வள்ளத்தில் கொண்டுவந்தார். மீன்களும் அவர் வலையில் வந்தவையே. யாரும் வாங்கமாட்டார்கள் என்று கரையில் உதறிவிடுகிற வரிவரியான குட்டி மீன்களை, உயிர் போவதற்குள் சித்தப்பா வாளியில் எடுத்துக்கொண்டு ஓடிவருவார். குப்பைக்குப் போகவேண்டியவை விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளும் நீலமுமாக மினுங்கியபோது, தெருவே எங்கள் முன்னறைக்குள் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயரே மீன்தொட்டி வீட்டுப் பிள்ளை என்று ஆகிப்போனது.

அந்தச் சந்தோஷத்துக்கு மேல் இன்னொன்று வந்தது. கன்னியாகுமரியில் புதிதாக ஓட்டல் கட்டுகிற ஒருவர், சுவர் நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி வைத்துப் பராமரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்ப்பதாகச் சித்தப்பாவிடம் சொன்னாராம். பிடித்துவிட்டால் வேலை இங்கேயே. சித்தப்பா திரும்ப விமானம் ஏறவேண்டாம். நான் அன்றைக்கே மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாசி பிடித்தது. முதலில் கண்ணாடியில் தவிட்டு நிறத்தில் ஒரு படலம். நாலு நாளில் அது பச்சையாயிற்று. பிறகு கல்லுக்குக் கல் முடி முளைத்து ஆடத் தொடங்கியது. மீன்கள் இருக்கின்றனவா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டித்தான் பார்க்கவேண்டும். சித்தப்பா தன் கல்ஃப் ஏடிஎம் கார்டை எடுத்துக் கண்ணாடியைச் சுரண்டினார். “கார்டு கெட்டுப்போகாதா சித்தப்பா?” என்று பதறினேன். “இனி இதுக்கு வேற ஜோலி இல்ல மக்களே,” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சுரண்டச் சுரண்டப் பாசி வந்தது. “பாசி தானா வரல்ல. நாமதான் கூப்பிடுதோம். தீனி கூடினா வரும், வெளிச்சம் கூடினா வரும்,” என்றார். அவர் போடுவது காலையில் ஒரு சிட்டிகை மட்டுமே. ஆனால் தொட்டியின் அடியில் சோற்றுப் பருக்கை கிடந்தது. பிஸ்கட் தூள் கிடந்தது. அது என் உபயம். பக்கத்து வீட்டு அக்கா வரும்போதெல்லாம் கைப்பிடி பொரியோடுதான் வந்தாள். வீட்டுக்கு வந்த யாரையும் வெறும் வயிற்றோடு விடாத ஊர் எங்களுடையது. மிஞ்சிய தீனி அழுகினால் நைட்ரேட், பாஸ்பேட் ஆகும் என்று சித்தப்பா தொண்டை வற்றச் சொன்னது அம்மாவின் காதில் ஏறவேயில்லை.

“பாவம், வாயத் தொறந்து தொறந்து காட்டுதே. பசியில்லாமலா காட்டும்?”

“மைனி, அது மூச்சு விடுது.”

“எனக்குப் பாத்தா பசி மாதிரிதான் இருக்கு.”

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியதும் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு ஸ்கெட்ச் பேனாவை எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘இந்த மீன்கள் ஒருசந்தி. காலையில் மட்டும் சாப்பிடும்.’ அதைத் தொட்டியில் ஒட்டினோம்.

நைட்ரேட்டால் முடியாததை ஒருசந்தி செய்தது. பக்கத்து வீட்டு அக்கா சீட்டை வாசித்துவிட்டுப் பொரியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு போனாள். என் பிஸ்கட் என்னோடு நின்றது. அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ஞாயித்துக்கிழமை ஒருசந்தி கிடையாதே. அன்னைக்கு ரெண்டு நேரம் குடுக்கலாமா?” சித்தப்பா பிஷப் மாதிரிக் கண்ணை மூடி யோசித்து, மீன்களுக்கு ஞாயிறும் ஒருசந்தி உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்.

சித்தப்பாவும் ஒருசந்திதான். ராத்திரி மட்டும் கொஞ்சம் சாப்பிடுவார். சரியாகச் சொன்னால், தவக்காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார். கல்ஃபுக்குப் போயும் பக்தி குறையவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் சித்தப்பாவும் நானும் பாறைகளுக்குப் போய் நத்தை பொறுக்கினோம். பாசிதான் அவற்றுக்குச் சாப்பாடு. வழுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டதுகூட எனக்கு அன்று வலிக்கவில்லை. இருபது நத்தைகளைத் தொட்டிக்குள் விட்டோம். மறுநாள் காலையில் பச்சைக் கண்ணாடியில் ரப்பரால் அழித்தது போலக் கோடுகோடாக வெளுத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. எண்ணிப் பார்த்தால் பத்தொன்பதுதான் இருந்தன. இருபதாவது, இருதய ஆண்டவர் படத்தின் சட்டத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அம்மா அதைத் திட்டவும் முடியாமல் தொடவும் முடியாமல் நின்றாள்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது பாசி திரும்பி வந்தது. கல்லில் மறுபடி பச்சை முடி. யாரோ ஒருசந்தியை முறிக்கிறார்கள்! பரீட்சைக் காலம், எனக்கு மத்தியானமே பள்ளி விட்டுவிடும். ஒருநாள் பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வந்து கதவிடுக்கில் பார்த்தேன்.

அப்பா. தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, நல்ல வெள்ளை இறால்களைத் தோலுரித்து, நகத்தால் பொடியாகக் கிள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மீன்கள் அவர் விரலைக் கண்டதும் கூட்டமாக மேலே வந்தன. பழக்கம் பழையது என்று தெரிந்தது.

“அப்பா! ஒருசந்தி முறிச்சா பாவம்!”

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். கோபப்படவில்லை. “எனக்க வீட்டுல ஒருத்தன் திங்காம கிடக்கான். இதுங்களாவது திங்கட்டு,” என்றார். பிறகு, “சித்தப்பன்ட்ட சொல்லாத, கேட்டியா,” என்றார்.

சொல்லாமல் இருக்க முடியுமா? கள்ளனைக் கையோடு பிடித்திருக்கிறேன். கிணற்றடியில் ஃபில்டர் பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் ஓடினேன். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல், அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். சித்தப்பா அண்ணன்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீர் வற்றி வெகுநேரமாகியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கை கழுவிவிட்டு நேராக அடுக்களைக்குப் போய், “மைனி, எனக்கும் ஒரு தட்டு வைங்க,” என்று, சாப்பிட உட்கார்ந்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பட்டப்பகலில்! தவக்காலத்தில்! கிழங்கும் மீன்கறியும். அப்பா தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

“சித்தப்பா, ஒருசந்தி!” என்று கத்தினேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “ஏட்டி, வாய மூடிட்டுத் தின்னு,” என்றார் அப்பா. சித்தப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, கறியில் காரம் அதிகம் போலும் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கே நாக்கு அடங்காதபோது மீன்களை மட்டும் பட்டினி போடுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அன்றோடு அப்பாவின் இறால் நின்றது. தொட்டியின் பச்சையும் நின்றது. என் துப்பறியும் திறமைக்கு வேறு சாட்சி எதற்கு?

மிச்சமிருந்த பாசிக்குச் சித்தப்பா கடைசி மருந்து வைத்திருந்தார். மூன்று நாள் ஒரு சொட்டு வெளிச்சம் படக்கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று விளக்கை அணைத்து, அம்மாவின் ஊதாப் புடவையை இரண்டாக மடித்துத் தொட்டியை முழுக்க மூடினார். கோயிலிலும் அந்த வாரம் புனிதர்களின் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால்தான் மூடியிருப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் தொட்டிக்கு முன் சிலுவை போட்டாள். நான் மூன்று நாளும் புடவை ஓரத்தைத் தூக்கிப் பார்க்கத் துடித்துத் துடித்துத் தின்ற நகத்துக்கு அளவில்லை.

ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து தெருவே எங்கள் முன்னறையில் நின்றது. சித்தப்பா புடவையை ஒரே இழுப்பில் உருவினார். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அத்தனை தெளிவு! மீன்கள் அந்தரத்தில் நின்றன. “அல்லேலூயா!” என்று முதலில் கத்தியது பக்கத்து வீட்டு அக்கா. நான் குதித்த குதியில் நத்தை ஒன்று பயந்து கண்ணாடியிலிருந்து விழுந்தது.

சாயங்காலம் ஓட்டல்காரர் வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பாசி இல்லாம எப்படி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். என் பெயர் வரும் என்று முன்னால் போய் நின்றேன்.

“அண்ணன் இறால் போடுறத நிறுத்தினாரு, அவ்வளவுதான்,” என்றார் சித்தப்பா. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு நிற்கவேயில்லை. ஓட்டல்காரர் புரியாமல் விழித்தார். வேலை அன்றே உறுதியாயிற்று. எனக்கோ, கண்டுபிடித்தவள் பெயரை யாரும் சொல்லவில்லையே என்று அழுகை வந்தது.

சித்தப்பா லீவில் வரவில்லை, வேலை போய்த்தான் வந்திருந்தார் என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். வருமானம் இல்லாமல் அண்ணன் வீட்டில் மூன்று வேளையும் உட்கார அவருக்குக் கூச்சம். அது அப்பாவுக்குத் தெரியும். தம்பியிடம் கேட்க அவருக்கும் கூச்சம். சீட்டு ஒட்டாமலும் ஒருவர் பட்டினி கிடக்க முடியும் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது.