மருமகள் குறைத்த வயிறு

என் மருமகளுக்குப் பத்திரிகையில் படம் திருத்தும் வேலை. நடிகைகளின் முகத்துப் பருவை அழிப்பாள், கழுத்துச் சுருக்கத்தை இழுத்துவிடுவாள். பேரன் பிறந்ததிலிருந்து வீட்டிலேயே செய்துகொடுக்கிறாள். படுக்கையறை மூலையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் தொட்டில்.

பிள்ளை பெற்ற சில வாரத்திலேயே பழைய இடுப்பு திரும்பிவிட்டதென்று நடிகைகளைப் பற்றி அந்தப் பத்திரிகை பக்கம் பக்கமாகப் போடும். அந்த இடுப்பையெல்லாம் குறைத்தவள் இவள்தான். அப்படியிருந்தும், அச்சாகி வந்த படத்தோடு கண்ணாடி முன்னால் நின்று தன் வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பாள். மத்தியானம் பாதித் தட்டு, ராத்திரி அதுவும் இல்லை. பால் கொடுக்கும்போதே ஒருநாள் தலை சுற்றிச் சாய்ந்தாள். பிள்ளை எடை ஏறவில்லை என்று நர்ஸம்மா சொல்லியாகிவிட்டது.

"பொம்மைக்கு மூக்கு ஒட்டினவளே அதப் பார்த்துப் பொறாமைப்படுவாளா?" என்று கேட்டேன்.

"மூளைக்குத் தெரியுது அத்தை. கண்ணு கேக்க மாட்டேங்குது."

"காதாவது கேக்கட்டும். சாப்பிடு."

"வெச்சிட்டுப் போங்க, வேலை கெடக்கு."

நான் போகவில்லை. தட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸிலிருந்து போன் வந்தது. இடுப்பு இன்னும் கொஞ்சம் குறையணுமாம்.

"இதுக்கு மேல குறைச்சா குடல வைக்க எடமில்ல சார்," என்றாள். அந்த ஆள் சிரித்தார்; "இருந்தாலும் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திருத்துவதற்கு முன்னால் இருந்த படத்தைக் காட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டினாள். அந்த நடிகைக்குத் தொளதொளவென்று வயிறு, கண்ணுக்குக் கீழே கருப்பு. மார்பருகே சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"இது என்ன?"

"பால் கசிஞ்சிருக்கு. அதத்தான் மொதல்ல அழிப்பேன்."

"புள்ள பக்கத்துல எங்கயோ அழுதிருக்கும்."

பேரனும் சிணுங்கினான். தூக்கி மடியில் போட்டாள். சப்பிப் பார்த்தவன் வாயை எடுத்துவிட்டு வீறிட்டான்.

"அவளுக்காவது கசியுது அத்தை," என்றாள். பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, "தட்டக் குடுங்க," என்றாள். கை இரண்டிலும் பிள்ளை, நானே ஊட்டினேன். இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

படத்திலிருந்த ஈரத்தை அழித்துத்தான் அனுப்பினாள். வேலை அது. இடுப்பை மட்டும் அதற்கு மேல் தொடவில்லை.

இப்போது பிள்ளை மெதுவாக எடை ஏறுகிறான். தட்டில் பாதி மீதி வைக்கும் நாளும் உண்டு. அன்றைக்கு அவள் என்ன விரட்டினாலும் நான் நகர்வதில்லை.