நாற்பதாவது கருத்து

வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு வதந்தி மட்டும் இன்னும் திரும்பவில்லை, ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. குடிநீர் வாரிய ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை நூற்றுக்கு எழுபத்தொரு பேர் எதிர்க்கிறார்கள் என்று பத்திரிகையில் ஒரு கருத்துக்கணிப்பு வந்ததல்லவா, அந்த எழுபத்தொன்றில் ஒருவர் வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்துகொண்டே எதிர்த்தவராம். நிர்வாகத்தின் கையாள் என்றார்கள் சிலர். வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள் சிலர். முடிதிருத்தும் கடையில் பாதி முகச்சவரத்தோடு ஒருவர் எழுந்து, அப்படி ஓர் ஆளே கிடையாது, எழுபத்தொரு பேரையும் யாரோ ஒரு பொம்பளை அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறாள் என்று அடித்துச் சொன்னார்.

விசாரித்ததில், ஆள் இருக்கிறார். பெண்ணும் இருக்கிறாள். இரண்டு பேரும் பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அவளுக்குத் தெருவில் கேள்விக்காரி என்று பெயர். தொலைபேசியில் கருத்துக் கேட்கும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். நான்கு வருடத்தில் எட்டு முறை புதுப்பிக்கப்பட்டும் அவள் புதிதாகவில்லை, முதுகுவலிதான் புதிது. மூன்றாவது மாடி, அறுபது இருக்கைகள், நடுவில் கழுத்தளவு தடுப்புப் பலகை. காலை ஆள் கழற்றி வைத்த ஹெட்செட்டை மாலை ஆள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் அவள் வீட்டிலிருந்தே ஒரு கைக்குட்டை கொண்டுவந்து காதுப் பஞ்சின் மேல் சுற்றிக்கொள்வாள். எண்ணை அவள் அழுத்துவதில்லை. கம்ப்யூட்டரே யாரையாவது பிடித்துக் கொடுக்கும். திரையில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரங்கள் தெரியும். நடுவில் காதுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால், சூப்பர்வைசர் ஒட்டுக்கேட்கிறார் என்று அர்த்தம். அவருக்கு அங்கே 'காது' என்றே பெயர்.

கேள்வி கேட்கும் குரலில் உப்பும் இருக்கக் கூடாது, உறைப்பும் இருக்கக் கூடாது. நான்கு வருடம் அப்படிப் பேசிப் பேசி அந்தக் குரல் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

"குழம்பு எப்படி இருக்கு? ரொம்ப நல்லா இருக்கா, ஓரளவு நல்லா இருக்கா, நல்லா இல்லையா?"

"கருத்து இல்லை," என்பார் கணவர், அடுத்த கவளத்தை எடுத்தபடி.

அவர் குடிநீர் வாரியத்தில் வால்வுக்காரர். தெருக்களில் இரும்பு மூடியைத் தூக்கி, இடுப்புயரச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால் ஒரு வட்டாரத்துக்கே தண்ணீர் போகும். பதினேழு வருடமாகத் திருகியவர், சம்பள உயர்வு கேட்டும், வாரியத்தின் வேலைகளைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்ததும், சாவியைத் துடைத்துப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தார். அவர்கள் வீட்டுக் குழாயிலும் காற்றுதான் வந்தது. காலையில் தண்ணீர் லாரி வரிசையில் குடத்தோடு நின்றவள் கேள்விக்காரிதான்.

"உன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலதானேம்மா எங்க தண்ணி நிக்குது?" என்பாள் முன்னால் நிற்பவள்.

"அவருக்கும் சேர்த்து ஒரு குடம் தூக்குறியா? நல்லா இருக்குடிம்மா நியாயம்," என்பாள் பின்னால் நிற்பவள்.

இவள் குடத்தை ஓர் அடி முன்னால் நகர்த்துவாள். பதில் சொல்வது அவள் தொழில் அல்ல.

பத்தொன்பதாம் நாள் கம்பெனிக்கு ஒரு புதிய கணிப்பு வந்தது. கேள்வித்தாளைத் திரையில் இரண்டு முறை படித்தாள். குடிநீர் வாரிய வேலைநிறுத்தத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? ஐந்து நாள், தலைக்கு நாளொன்றுக்கு நாற்பது பேரிடம் கேட்டு முடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. குறையாமல் முடித்தால் என்ன என்பதைக் காது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வாரியத்தோட புகார் செக்‌ஷன் நம்ம கம்பெனிக்கு வரப்போகுதும்மா. பேச்சு முடிஞ்ச மாதிரிதான். இதுல சுத்தமா முடிக்கிறவங்களுக்கு அங்க நிரந்தர வேலை."

எந்த வேலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கணவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த வேலை. அவள் "சரிங்க சார்" என்றாள், உப்புறைப்பில்லாத குரலில். காது கொடுத்த நிரந்தர வேலைக் காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டாள், வீட்டில் சொல்லவில்லை.

பொதுமக்கள் பேசத் தொடங்கினார்கள். "சம்பளம் கண்டிப்பா ஏத்தணும்மா, பாவம். ஆனா தண்ணி வரியை மட்டும் ஏத்தக் கூடாது" என்றார் ஒரு வாத்தியார். "வேலைநிறுத்தம் பண்ண அவங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்காகப் பண்ணிடறதா?" என்றாள் ஒரு தையல்காரி. ஒருவர், "எனக்கு அவங்க சம்பளத்துல பாதிகூட இல்ல. எனக்காக யார் பந்தல் போட்டாங்க?" என்று கேட்டுவிட்டு அழுதார். நான்கு நிமிடம் அழுதார். திரையில் அழுகைக்குப் பொத்தான் இல்லை. 'கருத்து இல்லை' போட்டாள். அதையும் ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போடக் கூடாது.

இந்தக் கேள்வித்தாளில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆதரிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், உடனே பன்னிரண்டு கிளைக்கேள்விகள் திறக்கும்: குழந்தைகளுக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆதரிப்பீர்களா, மருத்துவமனைக்கு இல்லாவிட்டாலும் ஆதரிப்பீர்களா என்று. பதினோரு நிமிடம் பிடிக்கும். பாதியில் நொந்துபோய் வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டால் கணக்கில் சேராது. எதிர்க்கிறேன் என்றால் இரண்டே கேள்வி. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அறுபது இருக்கைகளிலும் எதிர்ப்பவர் கிடைத்தால் முகம் மலர்ந்தது. பக்கத்து இருக்கைப் பெண், "அக்கா, எனக்கு ஒரு ஆதரவு மாட்டிக்கிச்சு, கும்பிட்டுக்கோங்க," என்று கிசுகிசுப்பாள். இதையெல்லாம் அவள் வீட்டில் வந்து புலம்பியிருக்கிறாள். கணவர் கேட்டுக்கொண்டு, எழுந்துபோய்ச் சாவியைத் துடைப்பார்.

இருபத்துமூன்றாம் நாள்தான் கணிப்பின் கடைசி நாள். காலையில் கிளம்பும்போது, "இன்னிக்கு நாப்பது முடியணுங்க. இல்லன்னா அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவள் கணக்கு முப்பத்தொன்பது. 'கருத்து இல்லை' நான்கும் தீர்ந்துவிட்டது.

மணி அடித்து, எடுத்தார்கள்.

"வணக்கம். பொதுமக்கள் கருத்து ஆய்வு மையத்திலிருந்து பேசுகிறேன். உங்களிடம் சில நிமிடங்கள் பேசலாமா?"

பின்னணியில் ஒலிபெருக்கி. 'விட மாட்டோம், விட மாட்டோம்' என்று பலர் கத்துகிறார்கள். அதற்கு முன்னால், மிக அருகில், ஒரு மூச்சு. அந்த மூச்சின் சளிக்கட்டு அவளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம்.

"சொல்லுங்க," என்றார் அவர். ஒரு கணம் கழித்து, "சொல்லுங்க மேடம்."

தெரிந்தவர் எடுத்தால் ஒன்பதை அழுத்தித் துண்டிக்க வேண்டும் என்பது விதி. விரல் ஒன்பதின் மேல் போய் நின்றது. துண்டித்தால் அடுத்தவரைப் பிடித்துக் கேட்டு முடிக்க நேரம் இல்லை. 'டிக்.' காது வந்துவிட்டது. விரல் திரும்பி வந்தது.

"உங்கள் வயது?"

"நாப்பத்தாறு."

"தொழில்?"

"சும்மா உக்காந்திருக்கேன் மேடம்."

'வேலையில்லாதவர்' என்று அழுத்தினாள்.

"குடிநீர் வாரிய ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கிறீர்கள் என்றால் ஒன்று, எதிர்க்கிறீர்கள் என்றால் இரண்டு, கருத்து இல்லை என்றால் மூன்று என்று சொல்லவும்."

ஒலிபெருக்கியின் சத்தம் அமுங்கியது, போனைக் கையால் பொத்திக்கொண்டார் போல.

"மணி என்னாச்சு மேடம்?"

அது கேள்வித்தாளில் இல்லை. "ஐந்து ஐம்பத்தாறு, ஐயா."

"ரெண்டு," என்றார்.

அவள் இரண்டை அழுத்தினாள். சின்னக் கிளை திறந்தது.

"வாரியத்தின் பணிகளைத் தனியாரிடம் ஒப்படைப்பதை வரவேற்கிறீர்கள் என்றால் ஒன்று, வரவேற்கவில்லை என்றால் இரண்டு."

"ரெண்டு."

"ஊழியர்களின் சம்பளம் அதிகம் என்றால் ஒன்று, போதுமானது என்றால் இரண்டு, குறைவு என்றால் மூன்று."

"அதை எம் பொண்டாட்டியைத்தான் கேக்கணும்."

"எண் மட்டும், ஐயா."

"மூணு."

வேலைநிறுத்தம் வேண்டாம், தனியாரும் வேண்டாம், சம்பளமும் போதாது. ஊரே அப்படித்தான் சொல்லியிருந்தது. பத்திரிகை முதல் பதிலை மட்டும் போட்டது.

"பங்கேற்றதற்கு நன்றி. அன்பளிப்பாக உங்கள் முகவரிக்கு ஒரு குடை அனுப்பப்படும். முகவரியைச் சொல்லவும்."

அவர் நிதானமாகச் சொன்னார். அவள் தன் வீட்டு முகவரியை, முன்பின் தெரியாததுபோல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திரையில் நாற்பது விழுந்தது. ஐந்து ஐம்பத்தொன்பது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே ஒரு கேள்வியை ஒத்திகை பார்த்தாள். ஏன் அப்படிச் சொன்னீங்க? நான்கு வருடத்தில் அவள் படித்த எந்தக் கேள்வித்தாளிலும் 'ஏன்' இருந்ததில்லை, வாயில் வரவில்லை. அவர் லாரித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்:

"குடை என்ன கலர்?"

இரண்டு நாளில் கணிப்பு பத்திரிகையில் வந்தது. மறுநாளே பந்தலைப் பிரித்தார்கள். பந்தலில் ஒலிபெருக்கி பிடித்த சங்கச் செயலாளருக்கு 'மைக்' என்று பெயர். கணிப்புக்காரர்கள் மைக்கையும் ஒரு நாள் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு நிமிடமும் தாங்கிப் பன்னிரண்டு கேள்விக்கும் பதில் சொன்ன வீரர் அவர். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு மனப்பாடம். கோஷத்துக்கு நடுவில் வால்வுக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு "ரெண்டு" என்று சொன்னதை அவர் காதால் கேட்டிருந்தார்.

யாரும் வால்வுக்காரரை எதுவும் கேட்கவில்லை. சங்க அலுவலகத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். நிர்வாகத்தோடு ஒப்பந்தம் ஆனது: பாதிப் பேர் வாரியத்திலேயே இருப்பார்கள், பாதிப் பேர் தனியார் ஒப்பந்தக்காரரிடம் போவார்கள், அங்கே மூன்றில் ஒரு பங்கு சம்பளம் குறையும். யார் எந்தப் பாதி என்ற பட்டியலைச் சங்கம் எழுதிக் கொடுத்தது.

"அண்ணே, உங்களுக்குத்தான் வேலைநிறுத்தம் பிடிக்காதே," என்றார் மைக், பட்டியலை நீட்டியபடி. "வேலைநிறுத்தமே பண்ண முடியாத இடமாப் பார்த்துப் போட்டிருக்கோம். சந்தோஷமா இருங்க."

அன்று சாயங்காலம் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் போய் மைக்கிட்ட சொல்லிட்டு வரேன். போன்ல இருந்தது நான்தான்னு."

"சொன்னா உன் வேலை போயிடும். தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டதுக்கு."

"போனா போகட்டும். எனக்காகத்தானே நீங்க…"

"யார் சொன்னா?" என்றார் அவர்.

அவள் செருப்போடு ஒரு படி உள்ளே வந்தாள்.

"உன் பைக்குள்ள அந்த நிரந்தர வேலைக் காகிதம் இருந்துச்சு. போன் வர்றதுக்கு முன்னாடியே பார்த்தேன்," என்றார். பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இருபத்தாறு நாளும் குடம் தூக்கினவ நீ. உக்காந்திருந்தவன் நான். எனக்கும் ஒரு கருத்து இருக்காதா?"

அது கோபமா, பாசமா, உண்மையிலேயே கருத்தா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. அவள் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். இனி வீட்டில் உறுதியாக வரும் சம்பளம் அவளுடையது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு உண்மை பேச முடியாது.

புகார் செக்‌ஷன் சொன்னபடியே வந்தது. மூன்றாவது மாடி, அதே இருக்கை, அதே கைக்குட்டை. வதந்தி இப்போதும் மதியச் சாப்பாட்டு மேஜைக்கு வருகிறது. "பந்தல்ல உக்காந்துக்கிட்டே எதிர்த்தானாமே, அந்த ஆளு யாருக்கா?" என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்பாள். இவள் டிபன் மூடியை அழுத்தி மூடுவாள்.

தண்ணீர் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால், அவள் குறித்துக்கொண்டு, அந்த வட்டாரக் களப்பணியாளருக்குப் போடுவாள். அவர்கள் வட்டாரத்தின் களப்பணியாளர் எண் பதினேழு. ஒப்பந்தக்காரர் அவருக்குக் கொடுத்த பெயர் அதுதான்.

"வணக்கம். புகார் மையத்திலிருந்து பேசுகிறேன். பள்ளிக்கூடத் தெருவில் தண்ணீர் வரவில்லை."

"பார்க்கிறேன் மேடம்." பின்னால் மழை இரைகிறது. மூடி திறந்த பள்ளத்தின் ஓரம் நனைந்துகொண்டு நிற்கிறார் என்பது குரலிலேயே தெரிகிறது. "அப்புறம், என் குடை என்னாச்சு?"

'டிக்.'

"உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டுள்ளது, ஐயா."

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே மூன்று முறை பதிவு செய்திருக்கிறாள். காதையும் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். குடை அனுப்பும் வேலையை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் எண்ணைக் கொடுத்தார். மதிய இடைவேளையில் கூப்பிட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல், உப்பும் இல்லாமல், உறைப்பும் இல்லாமல். இடைவேளை முடிந்துவிட்டது. குடை இன்னும் வரவில்லை.