தோல் முட்டை போட்ட கோழிகள்

வலை இழுக்கும்போது விசைப்படகில் வழுக்கி விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே மாதம் ஏழு பெட்டைக் கோழிகளை வாங்கி வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை ஊற நின்றுவிட்டு வந்தால், படுக்கப் பாய் இருக்கிறதா என்றுதான் கண் தேடும்.

திருவொற்றியூரில் கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் எங்கள் குப்பம். வீட்டின் பின்னால் ஒரு ஆள் கை விரித்தால் சுவர் முட்டும் இடம். பழைய வலையைச் சுற்றிக் கட்டி, கோழிகளை அதற்குள் விட்டார். தீனி என்று தனியாக ஒன்றும் யோசிக்கவில்லை. ரேஷன் அரிசிச் சோறு, கருவாட்டுத் தூள், நான் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் இறால் தலை.

"மீனு துன்ற கோயி போடற முட்ட எப்டிக் கீது பாரு" என்று ஒவ்வொரு முட்டையையும் என்னிடம் காட்டுவார். கடலுக்குப் போகிற காலத்தில்கூட அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

முட்டை வாங்கிப்போன பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "யக்கா, கோச்சுக்காத. முட்ட ஒரே கவுச்சி அடிக்குது. புள்ள வாயிலயே வெக்க மாட்டேங்குது."

அவர் உள்ளே இருந்து கேட்டுவிட்டார். மூன்றாம் நாள், இடுப்பு வலியோடு ஒரு தீவன மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். கறிக்கோழிக்குப் போடுகிற தீவனம்.

"இத துன்னா கோயி சும்மா கும்முனு ஆயிடும்னான் கடக்காரன்."

கோழிகள் கும்மென்றுதான் ஆயின. இறகெல்லாம் பளபளத்தது. ஆனால் முட்டைகளுக்கு ஓடு இல்லை. வெறும் தோல். எடுத்தால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உள்ளங்கையில் தொய்ந்தது. கொஞ்ச நாளில், அதிகம் முட்டை போட்டுக்கொண்டிருந்த செவலைக் கோழி எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. அவரும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தரையில் உட்காரக் கூடாது என்று அவருக்கு டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னால ஷேர் ஆட்டோல குந்த முடியாது. நீ ஒரு எட்டு டாக்டராண்ட காட்டினு வர்றியா, மே?"

எனக்குக் கோபம் வந்தது. "உன் இடுப்புக்கு லீவு போட்டேன். இப்ப கோயிக்கும் லீவு போடணுமாய்யா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படிக் குனியாமல் திருப்பித் திட்டியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். செவலையின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, என்னவெல்லாம் போடுகிறோம் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"எதுவும் கெட்ட பொருள் இல்லம்மா. ஆனா முட்டைக் கோழிக்கு வேண்டிய அளவுல எதுவும் இல்ல. சோத்துல வயிறு நிறையும், சத்து பத்தாது. கருவாட்டுல உப்பு ஜாஸ்தி, வாடையும் முட்டையில ஏறும். கறிக்கோழித் தீவனம் சதை போடறதுக்கு. அதுல முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து பத்தாது."

"அப்புறம் எப்டிம்மா இவ்ளோ நாள் முட்ட போட்டுச்சு?"

"தீனியில கிடைக்கலன்னா தன் எலும்புலேர்ந்து எடுத்து ஓட்டுக்குக் குடுக்கும். குடுத்துக் குடுத்துதான் இது உட்கார்ந்துடுச்சு."

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். முட்டைக் கோழித் தீவனம்தான் முக்கியச் சாப்பாடு, தானியம் சாயங்காலம் ஒரு பிடி போதும், கிளிஞ்சலைப் பொடித்துத் தனியாக வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும் என்றார். திரும்பி வரும்போது கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. மடியில் செவலை இருந்த கூடை. எனக்கு அழுகை வந்தது. கோழிக்காக அழுதேன் என்று சொன்னால் பொய்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "எலும்புலேர்ந்தா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

செவலை நான்காம் நாள் செத்தது. குழம்பு வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அவர் மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார். மீதியிருந்த கறிக்கோழித் தீவனத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கடைக்காரரிடம், "மூட்டைல இன்னா எய்திக் கீதுன்னு வாய்விட்டுப் படிப்பா" என்று சொல்லி, முட்டைக் கோழிக்குத்தான் என்று காதால் கேட்ட பிறகுதான் புது மூட்டையைத் தொட்டாராம்.

கரையில் கிளிஞ்சல் பொறுக்கி, உப்புப் போகக் கழுவி, காயவைத்து இடிப்பது அவர் வேலையானது. முகத்துவாரத்துப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும் என்று அங்கே போகமாட்டார். நான் இறால் தலை கொண்டுவருவதை நிறுத்தினேன். ஒரு பை சுமை குறைந்தது. சில வாரங்களில் ஓடு கெட்டியானது. முட்டையை உடைக்க விளிம்பில் தட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி வாங்கினாள்.

ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோற்றின் மேல் அவித்த முட்டை. அதுவரை எல்லாவற்றையும் விற்றுக்கொண்டுதான் இருந்தோம். காலையில் அவர் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது. நின்றபடியே தின்றேன். ருசி பார்க்க நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள்.

அன்று கூடுதலாக ஒரு லோடு இறால் வந்தது. வீடு திரும்பும்போது கோழிகள் அடைந்துவிட்டன. அவர் சோறு வடித்து வைத்திருந்தார், குழைந்து போயிருந்தது. தட்டைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.