அம்புக்குறி பார்க்காமல் பூட்டிய பனிவண்டி

ஜெர்மனியில் யூரோ நாணயம் வந்து சில வருடங்கள் ஆன ஒரு குளிர்காலத்தில், எங்கள் கராஜில், பழைய மெத்தை ஒன்றின் மேல் ஒரு பனிவண்டி ஒருக்களித்துப் படுத்திருந்தது. நோயாளி அது. வைத்தியர் நான். அதற்கு வந்த பெரிய நோயே அதுதான்.

அப்போது நான் மலைப்பக்கத்து விடுமுறை விடுதி ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தேன். பனி கொட்டினால், காட்டுக்குள் சறுக்க வருபவர்களுக்குப் பாதை போட வேண்டும். பனிவண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னால் கனத்த சட்டம் ஒன்றை இழுத்துக்கொண்டு போனால் பாதை விழும். உட்கார்ந்து போவது என்னோடு வேலை செய்த போலந்துக்காரன். வாசற்படியில் பனி வழிப்பது நான். ஒரு குளிர்காலமாவது அந்த இருக்கையில் நான், மண்வெட்டியோடு அவன் என்பதே என் வாழ்க்கை இலட்சியமாக இருந்தது.

வண்டியின் அடியில் தேய்ந்த பாகங்களை மாற்றுவதற்காக, பின்பக்கத்து ஸ்பிரிங் சட்டத்தையும் அதைச் சுற்றி ஓடும் அகன்ற ரப்பர் பட்டியையும் கழற்றியிருந்தார்கள். புதுப் பாகங்கள் வந்துவிட்டன. திரும்பப் பூட்டத்தான் ஆளில்லை. திருத்துமிடத்தில் இப்போதைக்கு டெர்மின், அதாவது நமக்கு ஒதுக்க நேரம், இல்லையாம். சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள் என்று செஃப், அதாவது எங்கள் முதலாளி, தலையில் கைவைத்தார். நான் வீட்டில் வைத்துப் பூட்டித் தருகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. பூட்டியவனிடம்தானே ஓட்டக் கொடுப்பார்?

ஊரில் நான் சைக்கிள் சங்கிலி மாட்டியிருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். சங்கிலி கைக்குள் அடங்கும். இது ஆளையே விழுங்கப் பார்த்தது.

துணைக்குப் பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து மனைவியின் தம்பியை வரவழைத்தேன். பீட்சாக் கடையில் வேலை. "மாவை இழுக்கிற கைக்கு ரப்பர் என்ன கணக்கு, அத்தான்?" என்று சொல்லிக்கொண்டே வந்திறங்கினான்.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கினோம். ஸ்பனரைத் தொடுவதற்குள் மனைவி வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் பூட்டி முடியுங்கோ. ராகுகாலத்தில பூட்டின வண்டி உங்களை மலையில கவிட்டுப்போடும்."

"அக்கா, இஞ்ச சூரியன் வாறதே எட்டரைக்கு. ராகு இன்னும் படுக்கையால எழும்பியிருக்க மாட்டார்."

"கலண்டரில பத்தரை எண்டுதான் கிடக்கு. நீ கதையாமல் வேலையைப் பார்."

பட்டியை உள்ளே தள்ளிப் பல்சக்கரத்தில் மாட்டினோம். அதன் வளையத்துக்குள் ஸ்பிரிங் சட்டத்தை நுழைத்தோம். மொத்தம் நாலே நாலு போல்ட். இடப்பக்கத்து ஓட்டை நேரே வந்தால் வலப்பக்கத்து ஓட்டை விலகி நிற்கும். வலப்பக்கத்தைச் சரிக்கட்டினால் இடப்பக்கம் கோபித்துக்கொள்ளும். சாமான் கட்டும் நாடாவால் ஸ்பிரிங்கை இறுக்கினேன். அது அறுந்து என் முழங்கையைப் பதம் பார்த்தது. மச்சான் முதுகைக் கொடுத்துத் தள்ளினான், நான் வயிற்றைக் கொடுத்துத் தள்ளினேன். அந்த வயிறு என் வாழ்க்கையில் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

"பத்தேகால்!" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில், "பத்து இருபது!"

கடைசி போல்டைச் சுத்தியலால் நாலு போடு போட்டு ஏற்றி, வண்டியை நிமிர்த்தினோம். ராகுவை வென்றுவிட்டேன்! மனைவி சந்தனமும் குங்குமமுமாக வந்து முன்விளக்கில் ஒரு பொட்டு வைத்தாள். பின்னாலும் ஒன்று வைக்கப் போனவள் அப்படியே குனிந்து நின்றாள்.

"இதில ஒரு அம்புக்குறி கிடக்கு. என்னத்துக்கு?"

"பட்டி சுத்துற பக்கத்தைக் காட்டுறது" என்றேன் பெருமையாக.

"அப்ப ஏன் கீழ பாக்குது?"

மச்சான் பீட்சா சுழற்றுவது போலக் கையைச் சுழற்றிப் பார்த்தான். "வண்டி முன்னால போகேக்க பின்பக்கம் மேலதானே ஏறும்... அத்தான், பட்டியைத் திருப்பிப் போட்டிட்டம். இது ஏத்தத்தில வழுக்கும்."

நேரத்தைப் பார்த்து ஓடிய ஓட்டத்தில் இருவருமே அம்பைப் பார்க்கவில்லை. கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கூடவே பசியும் வந்தது.

"இனிப் பன்னிரண்டுக்குப் பிறகுதான். இப்ப துடங்க ஏலாது" என்றாள் மனைவி.

"அக்கா, கழட்டுறது துடக்கமே? அது முடிவெல்லோ!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம். கழட்டலாம்."

அப்படியாக, ராகுகாலம் முழுவதும் கழற்றினோம். சோறு சாப்பிட்டுவிட்டு, அம்பு மேலே பார்க்கும்படி மறுபடி பூட்டினோம். மாலை வரை அதே ஓட்டைகள், அதே கோபம். இந்த முறை ஒவ்வொரு போல்டையும் ஜெர்மன்காரனைவிட அழகாக முறுக்கினேன். எல்லாம் அந்த இருக்கைக்காக.

சனிக்கிழமை காலை விடுதி முற்றத்தில் வண்டிக்கு அடியில் மனைவி தந்த தேசிக்காய்களை வைத்து, செஃப் பார்த்துக்கொண்டிருக்க நசுக்கினேன். அவர் தேசிக்காயைத் தாண்டி வந்தார். குனிந்து போல்டுகளை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. என் தோளில் தட்டி, இப்படிப் பூட்டத் தெரிந்த ஆளைக் காட்டுக்குள் அனுப்பி வீணாக்க முடியாது, இனி எந்த வண்டி பழுதானாலும் நீதான் என்று சொல்லி, சாமான் கொட்டிலின் பூட்டுத் திறப்பை என் கையில் வைத்தார். பிறகு போலந்துக்காரனைக் கூப்பிட்டார்.

அவன் ஏறி உட்கார்ந்து எனக்குக் கை காட்டினான். நெற்றியில் என் மனைவி வைத்த பொட்டோடு வண்டி ஏற்றத்தில் ஏறியது. துளிகூட வழுக்கவில்லை.

மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்து முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"அத்தான், அம்பைக் கீழ பாத்தபடியே விட்டிருக்கலாம்."

திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியை எடுத்தேன்.