பச்சைக் கொடி காட்டிவிட்டேன்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரயில் கேட்டில் வேலை பார்த்தவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது, வண்டி வந்தால் கேட்டை மூடு, கொடியைக் காட்டு, போனால் திற, அவ்வளவுதான் என் உலகம். அதனால் இதை நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. சிரிப்பு வந்தால் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம். மலாக்காவிலிருந்து தம்பின் ஊருக்குப் போகும் ரயில் பாதை அப்போது இருந்தது. காஜா பேராங் தாண்டி, மரவள்ளித் தோட்டமும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் ஒரு கேட், அதற்குக் காவல் நான். பெரும்பாலும் சரக்கு வண்டிதான் ஓடியது. கேட்டுக்காரனுக்கு ஒரு வேலை உண்டு, வெளியாட்களுக்குத் தெரியாது. வண்டி போகும்போது ஒவ்வொரு சக்கரமாகப் பார்க்க வேண்டும், புகைகிறதா, எதுவும் தொங்குகிறதா என்று. கோளாறு இருந்தால் சிவப்புக் கொடி. இல்லையென்றால், கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கொடி அசைத்ததும் நாம் பச்சையை அசைத்து ‘எல்லாம் சரி, போ’ என்று சொல்லிவிட வேண்டும். பதினோரு வருடம் இதையே செய்தவனுக்கு எதுவும் அசைந்தால் போதும், கை தானாக எழும். கண் சக்கரத்தை விட்டு மேலே போகாது.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். மூடிய இரும்புப் பெட்டிகளாக ஒரு வண்டி மெதுவாக வந்தது. நடுப்பெட்டியின் கதவு இடுக்கில் ஏதோ துணி ஆடியது கண்ணோரம் பட்டது. அது கார்டு இருக்கும் இடமே இல்லை. ஆனாலும் என் கை எழுந்துவிட்டது. பச்சைக் கொடியை நன்றாக விரித்து அசைத்தேன். துணி இன்னும் வேகமாக ஆடியது, நானும் வேகமாக அசைத்தேன். என்னைப் போல் ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என் மனைவி பாக்கியத்தின் தம்பி வீராசாமி எங்களோடுதான் இருந்தான். உப்பு வாங்க டவுனுக்குப் போனவன் அன்று திரும்பவில்லை. சந்தையில் கிடைத்த ஆண்களையெல்லாம் வளைத்து, சயாமில் ரயில் பாதை போட வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. எந்த வண்டி என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டில் நான்தான் நிற்பேன் என்று அவனுக்குத் தெரியும், நிறுத்தச் சொல்லித் துண்டை ஆட்டியிருக்கிறான், நான் போ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சிவப்பைக் காட்டியிருந்தால் சிப்பாய் என்னைச் சுட்டிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் வண்டி நின்றிருக்கும். இதைப் பாக்கியத்திடம் சொல்லவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிவந்து, ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பாள். இல்லை என்பேன்.

சில மாதத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து, அதையும் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். மிஞ்சியது பாதையில் கொட்டியிருந்த வெறும் சல்லிக்கல். கேட் இல்லாத கேட்டுக்காரனாக நான் அதே குடிசையில் இருந்து மரவள்ளி போட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள், நல்ல வெயில், களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு எனக்குத் தெரியாதா. நம்பினால் நம்புங்கள், அந்த வெறும் சல்லிமேல் ஒரு சரக்கு வண்டி வந்தது. பழக்கத்தில் சக்கரத்தைத்தான் பார்த்தேன். தண்டவாளம் இருந்த உயரத்திலேயே சக்கரங்கள் அந்தரத்தில் உருண்டன, கீழே வெயில் தெரிந்தது. குடிசைக்குள் ஓடிச் சிவப்புக் கொடியை எடுத்து வந்தேன். நடுப்பெட்டி என்னைத் தாண்டிவிட்டது. கூடவே ஓடினேன், கொடியை ஆட்டிக்கொண்டே, சதுப்பு வளைவு வரைக்கும். அங்கே நின்றது.

நடுப்பெட்டியிடம் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெயிலில் காய்ந்த இரும்பு, சுட்டது. உள்ளே நிறையப் பேர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு எல்லா மூச்சும் ஒரே நேரத்தில் நின்றது, என்னைக் கவனிப்பதற்காக நிறுத்தியது போல. இழுத்திருந்தால் திறந்திருக்கும். திறந்தால் அவன் இருப்பானா, இல்லாமல் போவானா, இதில் எதற்குப் பயந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையை எடுத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பின்னால் வண்டி நகரும் சத்தம் கேட்டது.

பக்கத்தில், தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மா பாக்கியத்திடம் மலாயில் விசாரித்தாராம், உன் புருஷன் ஏன் சிவப்புக் கொடியோடு வெறும் பாதையில் தனியாக ஓடுகிறார் என்று. வெயிலில் தலை சுற்றியது என்று சொல்லி முடித்தேன்.

சண்டை முடிந்தபின் செங் என்ற ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வீராசாமியோடு ஒரே பெட்டியில் போனவர். எங்கள் வீட்டில் உட்கார்ந்து, பாக்கியத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். காய்ச்சலில் போனானாம், தீபாவளிக்கு மறுநாள்.

“சாவறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எழுந்து உக்காந்துட்டான். வண்டி நின்னுருச்சு, மச்சான் வந்துட்டாருன்னான். தாழ்ப்பாள்ல கை வச்சுட்டாரு, ஏன் தொறக்க மாட்டேங்கிறாருன்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். அங்க கதவே கெடையாதுங்க, ஓலை வேஞ்ச வெறும் அத்தாப்புக் கொட்டாய்.”

தாழ்ப்பாளில் கை வைத்ததை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பாக்கியம் வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்.

“காய்ச்சல்ல உளறியிருக்கான். அவன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சா நீங்க தொறக்காமலா இருப்பீங்க?”

அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.