தண்ணீர் தேங்கிய பாறை

மாமல்லபுரத்தில் புராதன இடங்களைச் சுற்றிப் புல் வெட்டுவது, முள் எடுப்பது, வேலி பார்ப்பது எல்லாம் என் ஒப்பந்தம். ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் போய்வருவேன். ஊர் உலகமே சிற்பத்தைப் பார்க்க வரும். என் கண்ணில் படுவதோ குப்பையும் கருவேல முள்ளும்தான்.

போன வருடம், வேலிக்கு வெளியே கிடந்த பாறைத் தரையை வண்டி நிறுத்தும் இடமாக்கப் பேச்சு வந்தது. நிலத்துக்கு மதிப்புப் போடும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, வெறும் பாறைதான் என்று எழுதிவிட்டால் போதும். பராமரிப்பு என்னிடம் இருந்ததால் கல் பாவும் வேலையும் எனக்கே வரும். என் ஆட்களுக்கு மழைக்காலம் முழுக்கப் பிழைப்பு. வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன்.

அவர் வருவதற்கு முதல் நாள் முள்ளை வெட்டி, மண்ணைக் கூட்டித் தள்ளினோம். கல் பாவுவதற்கு முன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வாட்டம் பார்க்க ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊற்றினேன். எல்லாம் வடிந்துவிட்டது, நடுவில் மட்டும் தேங்கி நின்றது. சின்னச் சின்னச் சதுரக் குழிகள், நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம்.

பாறையைப் பிளக்க அந்தக் காலத்தில் இப்படிக் குழி வெட்டி, மர ஆப்பு அடித்து, தண்ணீர் ஊற்றுவார்களாம். மரம் ஊறி உப்பும்போது கல் விரிசல் விடும். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் யாரோ ஒரு கல்தச்சன் இதே இடத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறான். குழிக்குள் விரலை விட்டேன். உளி பட்ட சொரசொரப்பு அப்படியே இருந்தது.

என் மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "அண்ணாத்த, ரெண்டு சட்டி சிமெண்ட் போட்டா மூடிக்கும். நாளிக்கு வர்றவருக்கு இன்னா தெரியப் போவுது?"

"சும்மா கெட, மச்சான்" என்றேன்.

அன்று வீட்டில் படுத்தபடி கூலிக் கணக்குப் போட்டேன். ஆட்களின் முகம் ஒரு பக்கம், அந்தக் குழிகள் ஒரு பக்கம்.

மறுநாள் மதிப்பீட்டாளர் நின்றபடியே, "வெறும் பாறைதானே?" என்றார். குடத்தைச் சாய்த்தேன். அவர் குனிந்தார், பிறகு மண்டியிட்டார். "இதுக்கு நான் எப்படிங்க மதிப்பு போடறது?" என்று மட்டும் கேட்டார்.

வண்டி நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. வேலி நகர்ந்து பாறையை உள்ளே சேர்த்துக்கொண்டது. மேஸ்திரி பல நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. ஆட்களில் சிலர் கூடுவாஞ்சேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆனாலும் முள் வெட்ட அங்கே போகும்போதெல்லாம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். அந்தக் கல்தச்சன் அன்று ஆப்பு அடித்து ஊற்றியிருந்தால் பாறை பிளந்திருக்கும். நான் ஊற்றியதால் பிழைத்தது.